அளவு யாருடையது? மூங்கில் திரை வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மூங்கில் திரைக்குச் சொல்லிவைக்க இருக்கும் வீட்டுக்காரர்களே,

நெய்து முடித்த மூங்கில் திரையின் அகலத்தைப் பிறகு யாராலும் திருத்த முடியாது. துணித் திரை என்றால் ஓரத்தை மடித்துத் தைக்கலாம், தையலைப் பிரித்து நீட்டவும் செய்யலாம். மூங்கில் திரையில் ஒவ்வொரு பிளாச்சும், அதாவது பிளந்த மூங்கில் குச்சியும், நெசவுக்கு முன்பே ஒரே நீளத்துக்கு நறுக்கப்பட்டுவிடுகிறது. ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இழை ஓடுகிறது. அரை அங்குலம் கூடிவிட்டது என்று ஓரத்தை ரம்பத்தால் அறுத்தால் பிளாச்சு நுனிகள் பிளக்கும், ஓர இழை பிடிமானம் இல்லாமல் நழுவும், நாளாவட்டத்தில் திரையே பக்கவாட்டில் பிரிந்து வரும். உயரம் கூடியிருந்தால் அடியிலிருந்து சில பிளாச்சுகளை உருவிவிட்டு இழையை மறுபடி முடியலாம். அகலத்துக்கு அந்த வழியும் இல்லை. எனவே திரை உங்கள் ஜன்னலில் நன்றாக நிற்குமா நிற்காதா என்பது, முதல் பிளாச்சை நறுக்கும் முன்பே, நீங்கள் கொடுக்கும் அளவில் பாதி முடிவாகிவிடுகிறது.

திரை பொருந்தவில்லை என்றால் பழி நெய்தவர் மேல்தான் விழுகிறது. சாலையோரத்தில் மூங்கிலைப் பிளந்து, குறுக்குக் கட்டையின் மேல் கல் கட்டிய இழைகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தட்டி கட்டும் குடும்பத்துக்கு அது தாங்க முடியாத இழப்பு. மூங்கில் போகிறது, இரண்டு பேருடைய நாட்கூலி போகிறது, மீதிப் பணமும் வருவதில்லை. இன்னொருவர் வீட்டு ஜன்னலுக்கு அது சேராது என்பதால் விற்கவும் முடிவதில்லை. இத்தனைக்கும் பிழை பெரும்பாலும் நெசவில் இருப்பதில்லை. "நாலுக்கு நாலரை" என்று கைப்பேசியில் சொல்லப்பட்ட எண்ணில்தான் இருக்கிறது. அந்த நாலு அடி சுவரில் உள்ள திறப்பின் அகலமா, ஜன்னல் நிலைக்கு உள்ளே எடுத்ததா, தொங்கவேண்டிய திரையின் அகலமா? சொன்னவரும் தெளிவுபடுத்துவதில்லை, கேட்டவரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் கொடுக்கப்படும் எந்த அளவும் அளவே அல்ல. ஆனால் எண்ணுக்கு வருமுன் திரை தொங்கும் இடமும், அது மேலே ஏறும் முறையும், நெசவின் நெருக்கமும் முடிவாக வேண்டும். இவை மாறினால் எண்ணும் மாறும்.

முதல் முடிவு, திரை கண்ணாடிக்கு வெளியிலா உள்ளிலா என்பது. வெயிலைத் தடுப்பதே நோக்கம் என்றால் வெளியில் தொங்கும் தட்டிக்கு ஈடு உள்ளே தொங்குவதில் கிடையாது. வெயில் கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்தபின் உள்திரை அதை மறிக்கலாம். மறித்த வெயிலால் அந்தத் திரையே சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள்தான் விடுகிறது. வெளித்தட்டியில் அந்தச் சூடு காற்றோடு வெளியிலேயே கழிந்துவிடுகிறது. பழைய வீடுகளின் தாழ்வாரத்திலும் திண்ணை ஓரத்திலும் தட்டி தொங்கியதற்கு இதுவே காரணம். உள்திரை கண்கூசும் வெளிச்சத்தைத் தணிக்கும், மறைவு தரும், அறைக்கு அழகு சேர்க்கும். இவற்றுக்காக வாங்குங்கள். அறை குளிர்ந்துவிடும் என்று நம்பி உள்திரை வாங்கி, பிறகு ஏமாந்துபோக வேண்டாம்.

எந்த ஜன்னலுக்கு முதலில் செலவழிப்பது என்பதற்குச் சூரியனே வழி சொல்கிறது. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் சற்று வடக்கே நகர்ந்துவிடுகிறது. எனவே கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில் தெற்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் வருவதில்லை; மார்கழி, தை மாதங்களில்தான் வருகிறது. உயரத்திலிருந்து இறங்கும் வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். மேற்கு ஜன்னலுக்கு அது உதவாது. மாலை மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து, கிட்டத்தட்டப் படுக்கைவசமாக உள்ளே பாய்கிறது. கிழக்கில் காலையில் அதே கதை. வீட்டின் எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் ஒரே திரை வாங்கும் பழக்கத்தை விட்டு, மேற்கு ஜன்னலுக்கும் மேற்குப் பால்கனிக்கும் முதலில் நல்ல தட்டியாக வாங்குங்கள். மற்றவை காத்திருக்கலாம்.

வெளியில் தொங்கும் தட்டிக்கு மழை எதிரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, நனைந்தபடியே சுருட்டி வைக்கப்பட்ட தட்டியில் கரும்பூஞ்சணம் பிடிக்கும். பருத்தி இழை மூங்கிலுக்கு முன்பே இற்றுப்போகும். வெளித்தட்டிக்கு நைலான் இழை கேளுங்கள். சாரல் அடிக்கும் பக்கத்துக்கு முதுகில் தார்ப்பாய் வைத்துத் தைத்துத் தரச் சொல்லலாம், ஆனால் அப்போது காற்று புகாது. புயல் நாளில் அந்தத் தட்டி கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டு கொக்கியோடு பெயர்ந்து வரும். அடிக்கம்பை இரு முனையிலும் கட்ட வளையம் வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். மழை நின்றதும் தட்டியை முழுதாக இறக்கிவிட்டு உலர விடுவதே அதற்குச் செய்யும் பெரிய பராமரிப்பு.

உள்திரை என்று முடிவானால் அடுத்த கேள்வி, ஜன்னல் குழிக்குள்ளா, குழிக்கு வெளியே சுவரின் மேலா? அளவுப் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் முளைக்கிறது. குழிக்குள் திரை ஒடுங்கி நிற்கும்போது பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் அதற்கு ஆழம் வேண்டும். 9 அங்குலச் சுவரில் நிலை வெளிவிளிம்பை ஒட்டி வைக்கப்பட்டிருந்தால் உள்பக்கம் ஐந்தாறு அங்குலம் கிடைக்கும். நிலையை உள்சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. நாலரை அங்குலச் சுவர்களில் பெரும்பாலும் கிடைக்காது. சுவரின் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஜன்னல் கதவின் கைப்பிடி, கொண்டி, கிரில்லின் புடைப்பு, ஒட்டியிருக்கும் கொசுவலைச் சட்டம் ஆகிய எல்லாவற்றையும் தாண்டி எஞ்சும் ஆழமே திரைக்கு உரியது.

நம் ஜன்னல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் திறக்கும், கொசுவலைக் கதவு உள்பக்கம் திறக்கும். குழிக்குள் திரையை மாட்டிவிட்டால், அதை முழுதாக ஏற்றினாலும் மேலே சேர்ந்து நிற்கும் மூங்கில் கட்டு வலைக்கதவின் மேல்முனையில் இடிக்கும். மாலையில் வலையைத் திறந்து கண்ணாடிக் கதவைச் சாத்த முடியாமல் கொசுவோடு போராடுவீர்கள். இத்தகைய ஜன்னலுக்குச் சுவரின் மேல் மாட்டும் திரைதான் சரி. பக்கவாட்டில் நகரும் யுபிவிசி ஜன்னல்களில் இந்தத் தொல்லை இல்லை. சட்டத்தில் ஒட்டுப்பட்டை வைத்து வலை ஒட்டியிருந்தால், அதை உரித்துத் துவைக்கக் கை போகும் அளவு இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான்.

மேலே சேரும் கட்டு என்றதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் கடையில் விரித்துக் காட்டப்படும் மாதிரியில் அது தெரியாது. மூங்கில் திரை இரண்டு விதமாக ஏறும். ஒன்று அடியிலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு ஏறுவது. மற்றொன்று பின்னால் வளையங்கள் வழியே ஓடும் கயிறு இழுக்க, மடிப்பு மடிப்பாக அடுக்கி ஏறுவது. 3 மில்லிமீட்டர் தடிப்பும் நாலரை அடி உயரமும் உள்ள திரை கெட்டியாகச் சுருண்டாலே ஏறத்தாழ 3 அங்குல விட்டமுள்ள சுருள் ஆகும். கையால் இழுக்கும்போது அவ்வளவு இறுகாது. 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மடிப்புத் திரையின் அடுக்கு முன்பக்கம் அவ்வளவு புடைக்காது, ஆனால் கீழே இறங்கி நிற்கும். முக்கால் அடி முதல் ஓர் அடி வரை கண்ணாடியை மறைத்துவிடும். நாலடி உயர ஜன்னலில் ஓர் அடி போனால் கால்வாசி வெளிச்சம் போயிற்று. வாங்குமுன் கடையில் திரையை முழுதாக ஏற்றிக் காட்டச் சொல்லி, சேர்ந்து நிற்கும் கட்டின் உயரத்தையும் தடிப்பையும் டேப் வைத்துப் பாருங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

சுவரின் மேல் மாட்டினால் அந்தக் கட்டை ஜன்னலுக்கு மேலேயே நிறுத்திவிடலாம். நம் வீடுகளில் ஜன்னலின் லிண்டல் பெரும்பாலும் தரையிலிருந்து 7 அடியில் இருக்கும், மேல்தளம் 10 அடியை ஒட்டி இருக்கும். இடையில் மூன்றடி வெறும் சுவர். அதில் ஓர் அடி மேலே ஏற்றித் திரையை மாட்டினால் திறந்திருக்கும்போது ஜன்னல் முழுதும் திறந்திருக்கும். படுக்கையறையில் அந்த இடத்தில் பரண் இருக்கலாம், ஏசி இருக்கலாம், பொய்க்கூரை இறங்கியிருக்கலாம். அளக்கும்போது ஜன்னலை மட்டும் பார்க்காமல் தலையை நிமிர்த்தி அதற்கு மேலும் பாருங்கள்.

அடுத்தது நெசவு. நெருக்கமாகப் பின்னிய மெல்லிய குச்சி, அகலப் பிளாச்சு, நாணல், சணலும் மூங்கிலும் கலந்தது என்று கடையில் பல வகை காட்டுவார்கள். நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். பார்க்க வேண்டியது பிளாச்சுக்கும் பிளாச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பகலில் வெளியே வெளிச்சம் மிகுதி, உள்ளே குறைவு. ஆகையால் இடைவெளியுள்ள திரையும் வெளியாரிடமிருந்து உங்களை மறைக்கும். இரவில் விளக்குப் போட்டதும் நிலைமை தலைகீழாகும். எதிர்க் குடியிருப்பின் மாடியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே நடமாடுபவரின் உருவம் அப்படியே தெரியும். பகலில் கடைக்குப் போய், பகல் வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்து, முதல் இரவில் அதிர்ந்துபோகும் குடும்பங்கள் பல. இதற்குச் சோதனை எளிது: ஒரு துண்டு மாதிரியை வாங்கிவந்து இரவில் விளக்கெரியும் ஜன்னலில் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய் நின்று பாருங்கள். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் அது போதவில்லை என்றால் பின்னால் துணி உள்விரிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி விரிப்பு உருவத்தை மங்கலாக்கும். பூச்சுள்ள தடித்த விரிப்பு வெளிச்சத்தையே நிறுத்தும். விரிப்பு சேர்ந்தால் எடை கூடும், மேலே சேரும் கட்டும் பெருக்கும். அதனால்தான் அளவெடுக்கும் முன்பே இதையும் தீர்மானிக்கச் சொல்வது.

மூங்கிலின் தரத்தை அறிவது கடினமல்ல. தண்டின் வெளித்தோலை ஒட்டிய பகுதி உறுதியானது, வழவழப்பானது, நீரை எளிதில் உள்ளே விடாது. உள்பக்கச் சதை மென்மையானது, அதில் மாவுச்சத்து மிகுதி. மலிவுத் தட்டிகளில் உள்சதையிலிருந்து எடுத்த பிளாச்சுகளே நிறைந்திருக்கும். பிளாச்சின் ஒரு முகத்தில் தோலின் பளபளப்பு தெரிகிறதா என்று பாருங்கள். மூன்று ஆண்டாவது முற்றிய மூங்கில்தான் தட்டிக்கு ஏற்றது. இளமூங்கில் காய்ந்ததும் வற்றி இழையைத் தளர்த்திவிடும். மூங்கில் நெடுக்குவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாட்டில்தான் சுருங்குகிறது. திரையில் பிளாச்சுகள் கிடையாகக் கிடப்பதால் அதன் அகலம் ஆண்டுக்கணக்கில் மாறாது. இருநூறு, முந்நூறு பிளாச்சும் ஒவ்வொன்றும் மயிரிழை அளவு வற்றினால் உயரம் குறையும், நடுவே சந்து விழும். ஈரப் பச்சையில் கட்டிய தட்டியின் நெருக்கம் கோடையில் தளர்வதற்கு இதுவே காரணம். மழைக்காலத்தில் மூங்கில் காய நாள் பிடிக்கும். ஐப்பசியில் போய் நாளை மறுநாளே தட்டி வேண்டும் என்று நெருக்கினால் கிடைப்பது பச்சை மூங்கில்தான்.

உளுப்பு வேறு பிரச்சினை. மாவுச்சத்தைத் தேடி வரும் சிறு வண்டு பிளாச்சுக்குள் துளையிட்டு முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். வெளியே தெரிவது குண்டூசித் தலை அளவு துளையும், கீழே உதிரும் மஞ்சள் வெள்ளைப் பொடியும்தான். ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்துபோகும் என்பது தொழில் செய்பவர்கள் அறிந்த பழைய முறை. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது இன்றைய முறை. இந்தக் கரைசல் உள்திரைக்கு நன்று; மழையில் நனையும் வெளித்தட்டியில் நாளடைவில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் மேலே வார்னிஷ் அவசியம். வார்னிஷ் மட்டும் பூசினால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழு சாகாது. வாங்குமுன் தட்டியைக் கறுப்புத் துணி மேல் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். பொடி உதிர்ந்தால் அதை வாங்காதீர்கள். நல்ல மூங்கில் கிடைக்குமா என்று கேட்கலாம். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்ற வரையறைக்குள் வைத்திருந்தது. 2017-இல் வந்த திருத்தம் அதை நீக்கியது. தம் நிலத்தில் மூங்கில் வளர்ப்பவர்கள் வெட்டி விற்க அதனால் வழி எளிதாயிற்று. முற்றிய மூங்கில் கிடைக்காத பொருள் அல்ல, விலை கொடுக்க வேண்டிய பொருள். சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும்போது நீங்கள் குறைப்பது பெரும்பாலும் மூங்கிலின் வயதைத்தான்.

இனி அளவு. தையல்காரரின் துணி டேப் நீளும், ஆகவே அது வேண்டாம். எஃகு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். அரை அங்குலம் என்பது 4 நூல். திரை கட்டுபவருக்கு இந்தக் கணக்கு தெரியும். அங்குலத்தில் தொடங்கினால் எல்லா ஜன்னலையும் அங்குலத்திலும் நூலிலுமே எழுதுங்கள், மில்லிமீட்டர் என்றால் எல்லாம் மில்லிமீட்டர். ஒரே தாளில் இரண்டும் கலந்தால் பிழை நிச்சயம். அகலத்தை முதலிலும் உயரத்தை இரண்டாவதாகவும் எழுதுவது வழக்கம். அப்படியே "அகலம்", "உயரம்" என்று சொல்லாலும் குறியுங்கள். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ஜன்னல்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். கொத்தனார் பூசிய பூச்சின் தடிப்பு ஒவ்வொன்றிலும் வேறு.

குழிக்குள் மாட்டும் திரைக்கு அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் பூச்சிலிருந்து பூச்சுக்கு அளக்க வேண்டும். மேலே 47 அங்குலம் 4 நூல், நடுவே 47 அங்குலம் 3 நூல், கீழே 47 அங்குலம் 6 நூல் என்று வந்தால் கணக்கில் கொள்ள வேண்டியது நடுவே வந்த 47 அங்குலம் 3 நூல். மிகக் குறுகிய இடத்தில் புகுந்தால்தான் திரை முழுதும் இறங்கும். உயரத்தையும் இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் மிகப் பெரியதை எடுக்க வேண்டும். திரையை எந்த உயரத்திலும் நிறுத்தலாம், குறைந்தால்தான் அடியில் வெளிச்சக் கீற்று நிற்கும். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். இரண்டுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் குழி கோணியிருக்கிறது என்று பொருள். நேராகத் தொங்கும் திரை அந்தக் கோணலை வீட்டுக்கு வருபவர் அனைவருக்கும் காட்டிக்கொடுக்கும். அந்த ஜன்னலுக்கு உள்மாட்டு யோசனையை விட்டுவிட்டுச் சுவருக்கு மாறுங்கள். குழியின் மேற்பக்கம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

இப்போது தொடக்கத்தில் எழுந்த அந்தக் கேள்வி: இது திறப்பின் அளவா, திரையின் அளவா? 47 அங்குலம் 3 நூல் என்பது திறப்பின் அளவு. அதே அகலத்தில் திரை வந்தால் இரு பக்கமும் பூச்சை உரசிச் சிக்கும். எனவே உள்மாட்டுத் திரையில் மொத்தமாக 4 நூல் அளவு குறைத்து நெய்வது வழக்கம். முடிந்த திரை 46 அங்குலம் 7 நூல் இருக்கும். இந்தக் கழிவை யார் செய்வது? நீங்களும் குறைத்து, அவரும் குறைத்தால் ஒரு முழு அங்குலம் போய்விடும், இரு ஓரத்திலும் வெயில் கோடு விழும். அவர் குறைப்பார் என்று நீங்களும், நீங்கள் குறைத்திருப்பீர்கள் என்று அவரும் இருந்தால் திரை குழிக்குள்ளேயே போகாது. பரணில் கிடக்கும் திரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால் அங்கே போனவை. கழிவைக் கட்டுபவரிடம் விட்டுவிடுவதே சிறந்தது, ஏனெனில் மேல்கட்டையும் கொக்கியும் எவ்வளவு இடம் கேட்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் தாளில் "இது திறப்பின் அளவு, கழிக்கவில்லை" என்று எழுத வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

சுவரின் மேல் மாட்டுவதற்குக் கணக்கு வேறு. அங்கே நீங்கள் கொடுப்பது முடிந்த திரையின் அளவு. அதிலிருந்து எதையும் கழிக்கக் கூடாது என்று எழுதவேண்டும். திறப்பின் அகலத்தோடு இரு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் கூட்டுங்கள். குறைந்தால் மாலை வெயில் ஓரத்தில் புகும். உயரத்துக்கு, மேல்கட்டை நிற்கப்போகும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கிருந்து அளக்க வேண்டும். அடியில் ஜன்னல் மேடையின் கிரானைட் பலகை சுவரைவிட்டு முன்னே துருத்திக்கொண்டிருந்தால் திரை அதில் மோதி வளையும். அப்படியானால் மேல்கட்டைக்குப் பின்னால் மரத்துண்டு கொடுத்துத் திரையை முன்தள்ள வேண்டும், அல்லது மேடைக்குச் சற்று மேலேயே திரையை முடிக்க வேண்டும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் இருந்தால் இரண்டுக்கும் ஒரே உயரத்தில் கோடு வரட்டும். 6 அடிக்கு மேல் அகலமான ஜன்னலுக்கும் பால்கனிக்கும் ஒரே திரை கேட்காதீர்கள். நடுவில் தொய்ந்து, இழுக்கவும் பாரமாகும். இரண்டாகப் பிரித்து, நடுவே விழும் சந்து ஜன்னலின் நடுச்சட்டத்துக்கு நேரே வருமாறு பிரிவின் இடத்தைக் குறிப்பிடுங்கள்.

விலையும் அளவோடு சேர்ந்தது. 47.5 அங்குலத்துக்கு 55 அங்குலம் என்றால் 18.14 சதுர அடி. அங்குலங்களை மேல்நோக்கி முழு அடியாக்கி 4 அடிக்கு 5 அடி, அதாவது 20 சதுர அடி என்று கணக்கிடும் வழக்கமும் உண்டு. தவறு என்று சொல்ல முடியாது. நறுக்கும்போது மூங்கில் வீணாவது உண்மை. எந்தக் கணக்கு என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

குழந்தை உள்ள வீட்டார் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும், சத்தமில்லாமல் உயிரைக் குடிக்கும். அமெரிக்காவில் ஜன்னல் திரைக் கயிறுகளால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 9 பேர் இறப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்து வந்திருக்கிறது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தர விதி, அங்கே கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் தொங்கு கயிறு வைப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஐரோப்பிய விதி, கயிறு தரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் உயரத்தில் முடிய வேண்டும் என்கிறது. சாலையோரத் தட்டியின் கயிறோ தரையைத் தொடும் நீளத்துக்குக் கிடக்கிறது. கயிற்றைச் சுற்றிவைக்கும் கொக்கியை 5 அடிக்கு மேல் அடியுங்கள், திரை ஏறும்போதெல்லாம் கயிற்றை அதில் சுற்றுங்கள், கயிற்று முனைகளை வளையமாக முடியாதீர்கள். கட்டிலையும் தொட்டிலையும் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள். இது முடியாத வீட்டில், குழந்தை வளரும் வரை கயிறுள்ள திரை வேண்டாம்.

மாட்டும்போது ஒன்று மட்டும் கவனம். ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல். ஆணியடித்தால் பூச்சுதான் உதிரும். சுத்தியல் டிரில்லால் துளையிட்டுப் பிளக் வைத்துத் திருகாணி போட வேண்டும். நாலடித் திரைக்கு இரு முனைத் தாங்கிகளோடு நடுவில் ஒன்றும் இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்னது ஒரு வேண்டுகோளுக்காக. திரைக்குச் சொல்லிவைக்கப் போகும்போது ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு வரி எழுதிய தாளோடு போங்கள். "கூடம், மேற்கு ஜன்னல்" என்று பெயர், குழிக்குள்ளா சுவரிலா, அகலம், உயரம், திறப்பின் அளவா முடிந்த திரையின் அளவா, சுருளா மடிப்பா, உள்விரிப்பு உண்டா, கயிறு இடமா வலமா. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கட்டுபவரின் கையெழுத்தை வாங்குங்கள், மற்றொன்றில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுங்கள். அவருக்கு எழுத்து வாசிக்க வராது என்றால் வரிவரியாகப் படித்துச் சொல்லி, ஜன்னலைப் படமாக வரைந்து காட்டுங்கள். முடிந்தால் பயணச் செலவைக் கொடுத்து அவரையே வீட்டுக்கு அழைத்து அளக்கச் சொல்லுங்கள். அப்போது அளவுக்குப் பொறுப்பு அவருடையது, அதையும் தாளில் எழுதலாம். மூங்கில் காய அவர் கேட்கும் நாட்களைக் கொடுங்கள். திரை வந்ததும் டேப்பை எடுத்து முதலில் தாளோடு ஒப்பிடுங்கள், பிறகு ஜன்னலோடு. தாளில் உள்ளபடி வராத திரையைத் திருப்பித் தர உங்களுக்கு முழு உரிமை உண்டு. தாளில் நீங்கள் எழுதிக் கொடுத்தபடியே வந்திருந்தால், அது ஜன்னலுக்குப் பொருந்தாவிட்டாலும், நெய்தவருக்குச் சேரவேண்டிய மீதிப் பணத்தை அன்றே முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.